சன்னத்தைச் சன்னமாக்கியவள்

சந்திரவதனாவுக்கு இடியப்பம் அவிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சிட்னியின் பென்டில் ஹில் பக்கத்தில் கொஞ்சக் காலம் பாதிச் சனம் அவளைக் கைதேர்ந்த இடியப்பக்காரி என்று நம்பிக்கொண்டிருந்தது. அவள் மாவைக் குழைத்தால் ஒன்றில் களியாகும், இல்லாவிட்டால் உரலுக்குள் இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்று நிற்கும். கலியாணம் முடித்து வந்த புதிதில் அவள் பிழிந்து வைத்ததை நூடில்ஸ் என்று நினைத்துச் சோயா சோஸ் ஊற்றிச் சாப்பிட்டவன் அவள் புருசன் நித்தியானந்தன். அன்றைக்குக் குசினி அலுமாரியின் அடித்தட்டுக்குப் போன இடியப்ப உரல் பிறகு வெளிச்சத்தைக் காணவில்லை.

ஆனால் இரும்பைக் கையில் கொடுத்துப் பாருங்கள், அவள் வேறு ஆள். கிரவீனில் ஒரு தொழிற்சாலை, அதன் கருவிப் பட்டறையில் அவளுக்கு வேலை. மற்ற மெசின்களுக்கு வேண்டிய அச்சுகளைக் கடைந்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொடுப்பாள். இந்த நாட்டுக்கு வந்து இங்கிலிஷ் வகுப்பில் குந்தியிருந்த நாளிலேயே மெசின் வேலைதான் படிப்பேன் என்று சொன்னவள். பிள்ளை பராமரிக்கிற வேலை படிக்கலாமே என்று நித்தி இழுத்துப் பார்த்தான், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேஃப் என்கிற தொழிற்கல்லூரியில் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் வாரம் ஒருவன் அவளை ஒஃபிஸ்காரி என்று நினைத்துக் கோப்பி எங்கே என்று கேட்டானாம். வருசக் கடைசியில் அதே ஆள் தன்னுடைய லேத் மெசின் ஏன் கோணலாக வெட்டுகிறது என்று கேட்டுக்கொண்டு அவளிடம் வந்து நின்றான். கெட்டிக்காரி என்றால் அப்படி ஒரு கெட்டிக்காரி.

அந்தப் பட்டறையில் கூட வேலை செய்த மொரீன் என்கிற வெள்ளைக்காரிதான் அவளை முதன்முதலாகத் துவக்குச் சுடுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள். சிட்னிக்கு வெளியே, மலையடிவாரத்தில் ஒரு ரேஞ்ச். சும்மா வந்து பார் என்றுதான் கூப்பிட்டாள். சந்திரவதனா பார்த்தாள், படுத்தாள், சுட்டாள், அடுத்த மாதமே கிளப்பில் சேர்வதற்கு வழி கேட்டாள். லைசென்ஸ் எடுத்து, பரீட்சை எழுதி, பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து துவக்கு வைக்கிற இரும்புப்பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும்வரை நித்திக்கு நித்திரை இல்லை. வன்னியில் பதுங்கு குழிக்குள் கிடந்து வந்தவளுக்கு இந்தச் சத்தம் எப்படிப் பிடித்தது என்று அவனுக்கு விளங்கவே இல்லை. ஒருநாள் கேட்டும் விட்டான்.

“அங்க சத்தம் எங்க இருந்து வருது, எங்க விழப்போகுது எண்டு ஒருநாளும் தெரியாது,” என்றாள் அவள். “இஞ்ச தெரியும். நான்தான் சுடுறன். அங்க இருக்கிற கடதாசியில விழப்போகுது. அவ்வளவுதான்.”

நித்தி அதற்குமேல் கேட்கவில்லை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் சாமான் பகுதியில் வேலை செய்கிறவன், தங்கமான மனிசன், மனுசி என்றால் உயிர். அவனிடம் உள்ள ஒரே குறை சனத்துக்குப் பயப்படுவது. விசாவுக்கும் விசாரணைக்கும் பயந்து பயந்து வாழ்ந்த சனம் அது, துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்திவிடும். ஒரு வாய் சொன்னால் ஒன்பது வாய் கூட்டும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமைகளில் சந்திரவதனா எங்கே என்று யாராவது கேட்டால் வேலை, தடிமன், தலையிடி என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பான். உள்ளுக்குள்ளே பெருமை ஊறிக்கொண்டு கிடந்தது. வெளியில்தான் விடமாட்டான்.

இப்படி இருக்கையில்தான் மொரீனின் தகப்பனுடைய துவக்கு கதைக்குள் வருகிறது.

அது இங்கிலாந்தில் செய்த பழைய வேட்டைத் துவக்கு. கிழவன் இறந்த பிறகு மொரீன் அதை எண்ணெய் பூசி வைத்திருந்தாளே தவிர, சுட வழியில்லை. அந்தக் குழாய்க்குப் பொருந்துகிற அளவில் இப்போது யாரும் குண்டு செய்வதில்லை. அதற்கு ஒரு மயிரிழை தடித்த அளவு மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும். எவ்வளவு தடிப்பு என்றால், ஓர் அங்குலத்தை ஆயிரமாகக் கூறுபோட்டு அதில் ஐந்து கூறு. வருசத்தில் ஒருமுறை கிளப்பில் பழைய துவக்குகளுக்கென்றே ஒரு போட்டி வைப்பார்கள். அதில் ஒருதரம் என்றாலும் அப்பாவின் துவக்கு வெடிக்க வேண்டும், தன் கை நடுங்குகிறபடியால் அதைச் சந்திராதான் சுட்டுத் தர வேண்டும் என்று மொரீன் ஆசைப்பட்டாள். சந்திரவதனா அந்தத் தடித்த குண்டு ஒன்றை விரலுக்குள் உருட்டிப் பார்த்தாள். உள்ளே ஈயம், வெளியே செம்பு உறை. “இதைச் சின்னனாக்கலாம்,” என்று இங்கிலிஷில் சொன்னாள். அதைச் சொன்ன நேரத்திலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை.

கராஜில் ஒரு மேசை, மேசையில் கைப்பிடியால் அழுத்துகிற ஒரு கருவி. உருக்கில் ஒரு வளையம் கடைந்து, பதம் ஏற்றி, உள்வட்டத்தை மினுக்கி எடுத்தாள். அதுதான் அச்சு. ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பைக் குண்டில் தடவி, மூக்கு முன்னாலே போகும்படி வைத்துக் கைப்பிடியை அமர்த்தினால், கீழ்ப்பக்கத்தால் போன குண்டு மேல்பக்கத்தால் கொஞ்சம் மெலிந்து வெளியே வரும். மருந்தும் இல்லை, வெடியும் இல்லை, வெறும் உலோக வேலை. ஒரு பின்னேரம் நித்தி தேத்தண்ணியோடு கராஜுக்குள் வந்து என்ன செய்கிறீர் என்று கேட்டான்.

“சன்னத்தைச் சன்னமாக்கிறன்,” என்றாள் அவள், தலை நிமிராமல்.

நித்திக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. துவக்கிலிருந்து பாய்கிற குண்டுக்கு யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சன்னம் என்றுதான் பெயர். மெல்லியதுக்கும் அதே சொல். இத்தனை வருசக் குடித்தனத்தில் அவள் விட்ட முதல் பகிடி அதுவாகத்தான் இருக்கும். நல்ல பகிடி ஒன்று கிடைத்தால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்தானே. இரண்டு நாள் வயிற்றுக்குள் வைத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் சனிக்கிழமை.

சனிக்கிழமைகளில் நித்தி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நிற்பான். மகள் படித்து முடித்து மெல்பேர்னுக்குப் போன பிறகும் கதிரை அடுக்கவும் கதவு பூட்டவும் அவன்தான் வேண்டும். அங்கே பிள்ளைகளை விட்டுவிட்டு வாசலில் நிற்கிற சேஷாத்ரி அவனுக்குச் சிநேகிதர். கும்பகோணத்துக்காரர், நல்ல சாப்பாட்டுப் பிரியர். என்ன நித்தி, உங்க ஒய்ஃபைப் பாக்கவே முடியலையே என்று அன்றைக்கு அவர் கேட்டார். நித்தியின் வாய் முந்திக்கொண்டது.

“அவ கராஜில நிக்கிறா. அச்சுக்குள்ளால தள்ளித் தள்ளிச் சன்னமாக்கிறா.”

எதைச் சன்னமாக்குகிறாள் என்கிற சொல் மட்டும் நாக்கு நுனிவரை வந்து, பயத்தில் திரும்பிப் போய்விட்டது. அந்த ஒரு சொல் விழுங்கினதில்தான் எல்லாம் கெட்டது. சேஷாத்ரியின் முகம் மலர்ந்தது.

“அச்சுல பிழியறாங்களா? சேவையா? நீங்க இடியாப்பம்னு சொல்வீங்களே, அதுவா?”

அப்போது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சிரித்து மழுப்பியிருக்கலாம். நித்தி “ஓம்” என்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்த கிழமை சேஷாத்ரி வீட்டுக்கு விருந்தாளிகள். ஒருதடவை உங்க வீட்டுச் சேவை கிடைக்குமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். நித்தி ஓடிப் போய் நின்ற இடம் பாலேஸ்வரி அக்கா வீடு. பென்டில் ஹில் கடைகளுக்கெல்லாம் இடியப்பம் போடுகிறவர் அவர், பூப் போல அவிப்பார். அவரிடம் வாங்கி, கடை லேபலை உரித்து, வீட்டுச் சட்டிக்குள் மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தான். எங்காத்துச் சேவையைவிடச் சன்னமா இருக்கு என்று சேஷாத்ரி ஊரெல்லாம் சொன்னார். பிறகு அவருடைய கூட்டாளிகள் கேட்டார்கள், பிறகு பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் கேட்டார்கள். உங்கட வீட்டில இவ்வளவு பேரோ சாப்பிடுறியள் என்று பாலேஸ்வரி அக்கா ஒருநாள் ஒரு மாதிரிப் பார்த்தார். உறவுக்காரர் வந்திருக்கினம் என்று நித்தி அதற்கும் ஒரு பொய் சொன்னான். மற்றவர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இந்த மனிசன் முழுத் துவக்கையே இடியப்பத்தில் மறைத்துவிட்டான்.

இது ஒன்றும் தெரியாத சந்திரவதனாவுக்கு அந்த நேரம் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவள் மெலிய வைத்த சன்னங்கள் மைக்ரோமீற்றரில் வைத்தால் அச்சொட்டாக அளவு காட்டின. ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டால் ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. கடதாசியில் விழுந்த துளைகள் வட்டமாக இல்லாமல் நீட்டுப்பாட்டில் கிழிந்திருந்தன. சன்னம் நேரே போகாமல் ஆடி ஆடிப் பக்கவாட்டில் போய் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மொரீன் அவளுடைய பாஷையில் ஏதோ சொல்லித் தேற்றினாளாம். சந்திரவதனா தேறவில்லை. மெலிந்த சன்னம் ஒன்றைக் குறுக்கே அரிந்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு சாப்பிடும்போது நித்திக்கு அவளே விளங்கப்படுத்தினாள். செம்பு ரோசக்காரியாம், நெருக்கிவிட்டால் கையை எடுத்ததும் கொஞ்சம் நிமிர்ந்து பழையபடி நிற்கப் பார்க்குமாம். ஈயம் அப்பாவியாம், அமர்த்தினால் அமர்த்தினபடியே கிடக்குமாம். அதனால் உறைக்கும் ஈயத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழுந்து, பறக்கிற நேரம் உள்ளே இருப்பது ஆடுகிறதாம். வெளியில் அளவு சரியாக இருந்து என்ன, உள்ளே ஒட்டாவிட்டால் நேரே போகாது என்றாள். நித்தி இடியப்பத்தை நினைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான்.

அவள் விடவில்லை. ஈயத்தையும் செம்பையும் உருக்கி ஒட்டிச் செய்கிற சன்னம் தனியாக உண்டு என்று தேடிப் பிடித்து எடுப்பித்தாள். ஒரே அச்சில் நெருக்காமல் ஒன்றைவிட ஒன்று சின்னதாக மூன்று அச்சுக் கடைந்தாள். கடைசி அச்சை வேண்டிய அளவைவிட ஒரு பொட்டு ஒடுக்கமாக வைத்தாள், செம்பு நிமிர்ந்தாலும் சரியான இடத்தில் வந்து நிற்கட்டும் என்று. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, தானே யோசித்துப் பிடித்தாள்.

போட்டிக்கு முந்தின கிழமை, அவள் கராஜில் நிற்கும்போது சேஷாத்ரி வீடு தேடி வந்துவிட்டார். நித்தி குறுக்கே விழுந்து தடுப்பதற்குள் கராஜ் வாசலுக்கே போய்விட்டார். மேசையில் கைப்பிடிக் கருவி, பக்கத்தில் மூன்று அச்சு, அவள் கை இரண்டிலும் கொழுப்புப் பளபளப்பு. மனிசன் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். இப்படி மெசின் வெச்சுப் பண்றதாலதான் அவ்வளவு சன்னமா வருது என்றார். வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடத்து உணவு விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று குழு முடிவுசெய்திருக்கிறது, இத்தனை பேருக்கு இடியாப்பம் போட்ட கைக்கு மரியாதை செய்யாவிட்டால் எப்படி என்றார். சந்திரவதனா கொழுப்புக் கையைத் துணியில் துடைத்து, வணக்கம் சொல்லி, அவரை வாசல் படலைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

நித்தி கதிரையில் குந்தியிருந்து எல்லாவற்றையும் கொட்டினான். பாலேஸ்வரி அக்கா, உரித்த லேபல், உறவுக்காரர், எல்லாம். அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் எவ்வளவோ நல்லாக இருந்திருக்கும்.

“துவக்கைப் பற்றிச் சொல்லப் பயமாயிருந்தா, சொல்லாமல் விட்டிருக்கலாம். அது எனக்கு விளங்கும்,” என்றாள். “ஆனால் என்ர கை செய்யாததுக்கு எனக்குப் பேர் வாங்கித் தந்திட்டு, என்ர கை செய்ததை ஒளிச்சுப்போட்டீங்கள். பாலேஸ்வரி அக்காவின்ர பேரையும் களவெடுத்திட்டீங்கள்.”

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான் நித்தி செய்தது.

“சனிக்கிழமை எனக்குப் போட்டி. நான் போறன். அந்த மேடையில ஆரைப் பற்றிச் சொல்லுறது எண்டு நீங்களே யோசியுங்கோ.”

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. இத்தனை வருசத்தில் அவள் அவனோடு கதைக்காமல் ஒரு நாள் இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகையில் நித்திக்கு அழுகை வந்தது. அவள் கோபத்தில் இருக்கிறாள் என்பதல்ல அவனுக்குப் பயம். இனி அவனை ஒரு பொருட்டாக மதிக்கமாட்டாள் என்பதுதான் பயம்.

சனிக்கிழமை விடியவே அவள் மொரீனின் காரில் ஏறிப் போய்விட்டாள். பள்ளிக்கூட மண்டபத்தில் தோசைக்கல்லும் கொத்து ரொட்டிச் சத்தமுமாகச் சனம் நிறைந்திருந்தது. பாலேஸ்வரி அக்கா ஒரு மூலையில் இடியப்பத் தட்டுகளோடு நின்றார், அவருக்கும் அங்கே ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். சேஷாத்ரி மேடையில் நின்று, இல்லத்தரசி ஒருவரின் கைவண்ணம் என்று நீட்டி முழக்கி, சந்திரவதனா வராதபடியால் கணவர் பெற்றுக்கொள்வார் என்று முடித்தார். நித்தி ஏறினான். சிவப்புப் பொன்னாடையை விரித்துக்கொண்டு சேஷாத்ரி கிட்ட வந்தார். நித்தி அதைத் தோளில் போடவிடாமல் கையில் வாங்கிக்கொண்டான்.

“இது என்ர மனுசிக்குரியது இல்லை,” என்றான். மைக் கீச்சிட்டது. “நீங்கள் சாப்பிட்ட இடியப்பம் முழுக்கப் பாலேஸ்வரி அக்கா அவிச்சது. லேபலை உரிச்சது நான். என்ர மனுசிக்கு இடியப்பம் அவிக்கவே தெரியாது.”

கொத்து ரொட்டிக்காரனும் தட்டுவதை நிற்பாட்டிவிட்டான்.

“அவ சன்னமாக்கிறது மாவை இல்லை. துவக்குச் சன்னத்தை. அச்சைக் கடைஞ்சதும் அவதான். உலகத்தில ஆரும் இப்ப செய்யாத அளவில ஒரு பழைய துவக்குக்குச் சன்னம் செய்து, இந்த நேரம் ரேஞ்சில படுத்திருந்து சுட்டுக்கொண்டிருக்கிறா. படுமோ படாதோ எனக்குத் தெரியாது. படாட்டிலும் அவதான் கெட்டிக்காரி. சொல்லப் பயந்தது நான். இனிப் பயமில்லை.”

அமர்த்தினபடியே கிடந்த ஈயம் அன்றைக்கு நிமிர்ந்துவிட்டது. நித்தி மேடையால் இறங்கி, நேரே மூலைக்குப் போய், பொன்னாடையைப் பாலேஸ்வரி அக்காவின் தோளில் போர்த்தினான். அக்கா மாக்கையோடு அவன் முதுகில் ஒன்று வைத்தார், கோபத்தில் பாதி, சந்தோசத்தில் பாதி. சனம் என்ன சொல்லும் என்று இவ்வளவு காலம் பயந்தானே, சனம் முதலில் ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு பின்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் கையை உயர்த்தினார். திட்டப்போகிறார் என்று நித்தி நினைத்தான். தம்பி, எத்தினை யார் தூரத்தில சுடுறவ என்று அவர் கேட்டார். கஜத்தைத்தான் யார் என்றார். நித்தி விழித்தான். அவனுக்குத் தெரியாது. இத்தனை சனிக்கிழமையில் ஒருநாளாவது கூடப் போயிருந்தால் அல்லவா தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. கார் திறப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

ரேஞ்சுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது போட்டி முடிந்திருந்தது. மொரீன் பழைய துவக்கை மடியில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். சந்திரவதனா காதுமூடியைக் கழுத்தில் மாட்டியபடி, ஒரு கடதாசியைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தாள். அவனைக் கண்டதும் நின்றாள். ஒன்றும் கேட்காமல் கடதாசியை விரித்துக் காட்டினாள். நடுவில் துளைகள், எல்லாம் வட்டமாக, ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடிவிடலாம் போல நெருக்கமாக.

“பொன்னாடை?” என்று கேட்டாள்.

“பாலேஸ்வரி அக்காவுக்குப் போட்டாச்சு. உம்மைப் பற்றியும் சொன்னனான். உள்ளபடி சொன்னனான்.”

அவள் அவனுடைய முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள், மைக்ரோமீற்றரில் வைத்து அளப்பது மாதிரி. உள்ளே ஆடவில்லை என்று கண்டிருக்க வேண்டும்.

“சனம் என்ன சொன்னது?”

“எத்தினை யார் எண்டு கேட்டது.”

“என்ன சொன்னீங்கள்?”

“எனக்குத் தெரியேல்லை சந்திரா.”

ஒரு கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

“இருநூறு,” என்றாள். “சொல்லுங்கோ அவையளுக்கு.”

நித்தி அந்த இடத்திலேயே ஃபோனை எடுத்துச் சேஷாத்ரிக்கு அடித்தான். மண்டபத்து இரைச்சலுக்கு மேலால் கேட்க வேண்டும் என்று, ரேஞ்சில் நின்ற அத்தனை வெள்ளைக்காரரும் திரும்பிப் பார்க்கும்படி, இருநூறு யார், என்ர மனுசி இருநூறு யார் என்று அவன் கத்திக்கொண்டிருந்தான்.